ஐந்து நாள் ஃப்ரீ டைம்

செந்தில்,

நேற்றும் நீதான் கூப்பிட்டாய். ஞாயிற்றுக்கிழமை. உனக்கு அங்கே காலை, எங்களுக்கு இங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். "சாப்ட்டீங்களாப்பா" என்றாய். "ஆச்சு" என்றேன். "வெயில் எப்படி" என்றாய். "கெடக்கு, எப்பவும் போல" என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடவில்லை. உடனே நான், "சரிலே, வேலையப் பாரு, வச்சிருதேன்" என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த உன் அம்மா கேட்டாள்: "இன்னைக்கு அவனுக்கு லீவு. எந்த வேலையப் பாக்கச் சொல்லுதீய?" நீ வெளிநாடு போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷமும் ஒவ்வொரு ஃபோனையும் நான் இந்த வார்த்தையில்தான் முடித்திருக்கிறேன். ஃபோனில் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன். துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் கடிதம் எழுதிப் பிழைத்தவன்தான் நான். ஆனால் அதெல்லாம் "மேற்படி சரக்கு" என்று தொடங்குகிற கடிதம். இது மேற்படி மகனுக்கு. தப்பும் தவறுமாகத்தான் இருக்கும்.

வலென்சியாவில் உன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு நான் ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. உன் அம்மா முழங்காலைச் சாக்குச் சொல்லி வராமல் இருந்துவிட்டாள். நீ என்னைக் கையில் வைத்துத் தாங்கினாய். அதில் ஒரு குறையும் இல்லை. நான் சொல்ல வந்தது அங்கே உன்னைப் பார்த்ததைப் பற்றி. முப்பத்தெட்டு வயதில் பிரஷர் மாத்திரை போடுகிற உன்னைப் பற்றி. ஓய்வெடுக்காவிட்டால் மாத்திரை கூடிக்கொண்டேதான் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நித்யாதான் சொன்னாள். "ஊரே மத்தியானம் கடையச் சாத்திட்டு வீட்டுக்குப் போகுது மாமா. ஞாயித்துக்கிழமைன்னா ஆளாளுக்குப் பார்க்குல புல்லுல படுத்துக் கெடக்காங்க. உங்க பையனுக்கு மட்டும் உக்காரத் தெரியல" என்றாள். உன் பெண்டாட்டி அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டுக்குப் பெரியவர் ஏதாவது வழி சொல்வார் என்று நம்பிச் சொன்னாள். அந்த நோய் எந்த ஆளிடமிருந்து தொற்றியதோ அந்த ஆளிடமே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டு காப்பியை ஆற்றினேன்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டி இறங்கினால், அதை வெளியே எடுக்க எங்களுக்கு ஐந்து நாள் தருவார்கள். அதற்குப் பெயர் ஃப்ரீ டைம். அதற்குள் பேப்பரையெல்லாம் முடித்து, கஸ்டம்ஸில் கையெழுத்து வாங்கி, லாரியில் ஏற்றிவிட வேண்டும். ஆறாம் நாளும் பெட்டி அங்கேயே கிடந்தால் டெமரேஜ், அதாவது கிடந்த குற்றத்துக்கு அபராதம். நான் கிளியரிங் ஆபீசில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். குடித்துவிட்டுப் போனால் கவுண்டர் மூடிக் கிடக்கிறது. மறுநாளிலிருந்து பொங்கல் லீவு. காயல்பட்டினத்து முதலாளி ஒருவருடைய பெட்டி அது, லீவு முழுக்க டெமரேஜ் ஓடியது. லீவு முடிந்து போனதும் எங்கள் மேனேஜர் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி, "டீ நல்லா இருந்துச்சாவே?" என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, வையவில்லை. அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை நான் டீயை நின்றுகொண்டுதான் குடித்தேன். அந்தப் பயத்தை ஆபீஸ் வாசலிலேயே விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். தினமும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து உன் தலையில் இறக்கினேன்.

உன் முழுப்பரீட்சை லீவுக்கு நான் என்ன பெயர் வைத்திருந்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? அதுவும் ஃப்ரீ டைம்தான். அதுவும் ஐந்தே நாள். "அஞ்சு நாளு ஆடித் தீத்துக்கோ. ஆறாம் நாளு டைப் கிளாஸ், இந்தி கிளாஸ். சும்மா கெடந்தா டெமரேஜ் ஓடும், பாத்துக்கோ" என்பேன். சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். அக்கம்பக்கத்தில்கூட அதை நல்ல வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். நீ எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் நன்றாக விளையாடுவாய். மூன்றாம் நாளே உன் முகம் மாறிவிடும். ஐந்தாம் நாள் கேரம், பட்டம், சைக்கிள், கடற்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று ஓடுவாய். எதிலும் பத்து நிமிஷம் நிற்க மாட்டாய். "என்னலே இது, லாரி கெளம்பப் போற மாதிரி வெளையாடுத" என்று அதையும் கேலி செய்தேன் நான், பாவி. விளையாட்டைக்கூட வேலை மாதிரி முடித்துத் தள்ளுகிற பழக்கம் உனக்கு அந்த ஐந்தாம் நாள்களில்தான் வந்தது. இப்போது பெண்டாட்டி பிள்ளையோடு மலைக்குப் போனாலும் மணிவாரியாகப் பட்டியல் போட்டு, எல்லாவற்றையும் டிக் அடித்துவிட்டுத்தான் திரும்புகிறாயாமே. நித்யா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி எழுதப்போவதைக் கோபப்படாமல் படி. கோபம் வந்தாலும் முழுக்கப் படி. என் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே நீ எங்கே இருந்தாலும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? தெருமுனைக்கு முன்னாலேயே, அந்த ஐஸ் ஃபேக்டரி பக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, வருஷக்கணக்கில். பெற்ற பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு ஒரு தகப்பன் வேர்க்க விறுவிறுக்க வண்டி தள்ளியிருக்கிறான். வெட்கங்கெட்ட வேலை. உனக்குப் பதினொரு வயது இருக்கும். ஒரு சாயங்காலம் அப்படி வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். நீ ஹாலில் வெறுந்தரையில் படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு, சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கையில் ஒன்றும் இல்லை. வாயில் ஏதோ முணுமுணுப்பு, பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. அப்படி ஒரு நிம்மதியை உன் முகத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு, ஜன்னலடியில் நிறுத்தியிருந்த வண்டியின் ஹாரனை அழுத்திப் பிடித்தேன். நீ அலறியடித்து எழுந்ததில் மேசை முனை புருவத்தில் குத்திவிட்டது. மூன்று தையல். உன் அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தபோது, "ஓடி ஆடி விழுந்துட்டான்" என்று சொன்னது நான்தான். ரத்தம் வழிய நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "ஆமாம்மா, ஓடுனேன்" என்றாய். தையல் போட்ட டாக்டர் "வாலுத்தனம் ஜாஸ்தியோ?" என்று கேட்டபோதும் தலையை ஆட்டினாய். இருபத்தேழு வருஷமாக நம் வீட்டில் அது ஓடி விழுந்த தழும்பு.

இதை மறைத்ததோடு நான் நிற்கவில்லை, பெருமையும் பேசினேன். நீ வேலை கிடைத்து விமானம் ஏறியதிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், "நான் வெரட்டாட்டி இவன் இந்த நெலைக்கு வந்திருப்பானா அண்ணாச்சி?" என்று பக்கத்து இலைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். அவரும் சாப்பாட்டு நேரத்தில் எதற்கு வம்பு என்று தலையாட்டியிருப்பார். நீ படித்தது உன் புத்தியால். நான் விரட்டியதால் வந்தது மாத்திரை மட்டும்தான்.

உன் வீட்டுக்கு வந்த நாலாம் நாள் சனிக்கிழமை. பால்கனியில் சாய்வு நாற்காலியில் நீ கண்ணை மூடிப் படுத்திருந்தாய். நான் வழக்கம்போலச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் நிமிர்ந்து, லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்து, விரலை அதன் மேல் வைத்தாய். "ஒண்ணுமில்லப்பா, ஒரு மெயில்" என்றாய். திரை கறுப்பாக இருந்தது. அதில் உன் பின்னால் நின்ற என் முகம்தான் தெரிந்தது. நான் தண்ணீர் குடிக்க வந்தவன்போல உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் மாடிவீட்டு பாக்கோ நம்மைச் சாப்பிடக் கூப்பிட்டார். என் வயதுதான் அவருக்கு. அந்த ஊர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர் என்றதுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் கொண்டுபோன நம்ம ஊர் முந்திரி மக்ரூனை வாயில் போட்டு, அது கரையும்வரை பேசாமல் இருந்தார். இரண்டு மணிக்கு ஒரே சட்டியில் கணவாயும் இறாலும் போட்ட சோறு. மூன்று மணிக்குத் தட்டு காலி. நான் கை கழுவ எழுந்தேன், யாரும் அசையவில்லை. நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. காப்பி வந்தது, பழம் வந்தது, பேச்சு போய்க்கொண்டே இருந்தது. "இதுக்கு இங்க தனியா ஒரு பேரே இருக்குப்பா. சோப்ரெமேசா. சாப்ட்ட பெறவு மேசையில சும்மா உக்காந்திருக்கது" என்று நீ எனக்குச் சொன்னாய். அந்த 'மேசா' காதில் விழுந்ததும் எனக்கு ஆச்சரியம். நம்ம மேசைதானே அது! போர்த்துக்கீசியர்கள் நம் கரைக்கு முத்துத் தேடி வந்தபோது அவர்களோடு வந்த வார்த்தை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மேசையை இறக்கியவர்கள், சாப்பிட்ட பிறகு அதில் உட்கார்ந்திருப்பதைக் கப்பலிலேயே வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள்போல.

அப்போது பாக்கோ என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "ஃப்ரீ டைம்ல என்ன செய்வீங்கன்னு கேக்காருப்பா" என்றாய். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "அஞ்சு நாளு. அதுக்கு மேல டெமரேஜ்" என்றேன். நீ மொழிபெயர்ப்பதற்கு முன்பே, அந்த 'டெமரேஜ்' ஒன்றிலேயே துறைமுகத்து மனிதருக்கு விளங்கிவிட்டது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "இந்த மேசைக்கு டெமரேஜ் கெடையாதுன்னு சொல்லுதாருப்பா" என்றாய் நீ. நித்யா சிரித்தாள், நானும் சிரித்தேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாய். அந்த மேசையிலிருந்து அன்று நீ எழுந்தது அது ஆறாவது தடவை. பாக்கோவின் வீட்டம்மா ஒவ்வொரு தடவையும் "வையுங்கள், வையுங்கள்" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போதும் எனக்கு முழுதாக உறைக்கவில்லை. உறைக்க வைத்தது உன் மகள் இனியா. நான் ஊர் திரும்ப ஒரு வாரம் இருந்தது. நீயும் நித்யாவும் வேலைக்குப் போயிருந்தீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையும் நானும் மட்டும் வீட்டில். ஏழு வயதுப் பிள்ளை, பையைப் போட்டுவிட்டு ஹாலில் தரையில் படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்தாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவளுக்கு? "தாத்தா, நீங்களும் வாங்க. காலைத் தூக்குங்க" என்றாள். முட்டி கடகடக்க நானும் படுத்துக் காலைத் தூக்கினேன். "என்னளா பாக்க?" என்றேன். "ஒண்ணும் இல்ல தாத்தா" என்றாள். அந்தப் பதிலைக் கேட்டு எனக்குக் கோபம் வராதது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கூரையில் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் கிடந்தோமோ தெரியாது. சுகமாக இருந்தது செந்தில், அதை ஒத்துக்கொள்கிறேன்.

லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், பிள்ளை துள்ளி எழுந்து கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்துவிட்டாள். "தாத்தா, எந்திரிங்க! அப்பா வாராங்க!" என்று பதறினாள். நானும் எழுந்தேன். அறுபத்தெட்டு வயதில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவசர அவசரமாக எழுந்து, ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாத ஸ்பானிஷ் பேப்பரை முகத்துக்கு நேராக விரித்தேன். கதவில் சாவி திரும்பியது. நீ வந்தாய். "ஹோம்வொர்க் முடிஞ்சுதா? குட்" என்று அவள் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனாய். நீ அவளை ஒரு நாளும் அதட்டியதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு கேள்வி போதும். எனக்கும் டீயைப் பற்றிய ஒரு கேள்விதான் போதுமாக இருந்தது. பெற்ற மகனுக்குப் பயந்து பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்தபோதுதான், நீ சின்னப் பிள்ளையாக என்ன பாடுபட்டிருப்பாய் என்று எனக்குத் தெரிந்தது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

ஊருக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தேன். மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, திரும்பி வந்து மேசையிலேயே உட்கார்ந்தேன். உன் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உடம்புக்கு என்ன செய்யுது?" "ஒண்ணும் செய்யல. சும்மா இருக்கேன்." "சும்மா இருக்கீயளா? நீங்களா?" மறுநாள், "அங்கன டாக்டர் ஏதும் சொன்னாரா? எங்கிட்ட மறைக்கீயளா?" என்று சண்டைக்கு வந்தாள். எனக்கும் சுலபமாக இல்லை. கால் தானாக ஆடும், உப்பு டப்பாவை எடுத்து எடுத்து நேராக வைப்பேன். பத்து நாள் கழித்து அவளும் எதிரே உட்கார ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத கதையெல்லாம் சொன்னாள். போன வாரம் ஒரு நாள் நானாகவே, "செந்தில் புருவத்துல தழும்பு இருக்குல்லா..." என்று ஆரம்பித்தேன். அவள் மேசையில் சிந்தியிருந்த பருக்கைகளைப் பொறுக்கிக்கொண்டே, "ஹாரன் சத்தம் எனக்குக் கேக்காமலா இருக்கும்?" என்றாள். "பெறவு ஏன் கேக்கல நீ?" என்றேன். "கேட்டேன். உங்ககிட்ட இல்ல, அவங்கிட்ட. 'அப்பாட்ட கேக்காதீங்கம்மா, பாவம், அப்பா பயந்துட்டாங்க'ன்னான். பதினோரு வயசுப் பிள்ள சொல்லுதான். அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?"

ஆக, உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். புருவம் கிழிந்து நின்ற நேரத்திலும் நீ என் பயத்தைப் பார்த்திருக்கிறாய். நான் உன் நிம்மதியைப் பார்த்தேன், பார்த்துவிட்டு ஹாரனை அழுத்தினேன். மன்னித்துவிடு ராசா. இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. கடிதத்திலேயே நாலு தடவை அடித்து அடித்துத்தான் எழுதினேன்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் இரண்டு காரியம் கேட்டுக்கொள்கிறேன். பாக்கோ கூப்பிட்டால் போ. போனால் தட்டைத் தொடாதே. அவர்கள் எழுந்திருக்கும்வரை நீயும் உட்கார்ந்திரு. அந்த ஊர்க்காரர்கள் சோம்பேறிகள் என்று நானும் முதல் வாரம் நினைத்தேன். நாற்பது வருஷம் கிரேன் மேலே உட்கார்ந்து பெட்டி இறக்கியவர் அவர். இறக்கியதைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வரத் தெரிந்திருக்கிறது அவருக்கு. எனக்குத் தெரியாமல் போயிற்று. என்னிடம் கிடைக்காததை அவரிடம் கற்றுக்கொள். அதற்கும் ஒரு பட்டியல் போட்டுவிடாதே.

இன்னொன்று இனியாவுக்காக. நாளைக்கு நீ வீட்டுக்குள் நுழையும்போது அவள் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். ஹோம்வொர்க்கைப் பற்றிக் கேட்காதே. பையை வை. சட்டையைக்கூட மாற்ற வேண்டாம். அப்படியே தரையில் படுத்து இரண்டு காலையும் சுவரில் தூக்கி வை. அவளும் வந்து உன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், பார்க்கட்டும். மறுநாளும் செய். ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆகும். என்றைக்காவது ஒரு நாள் நீ கதவைத் திறக்கும்போது அவள் தரையில் படுத்திருப்பாள். உன்னைப் பார்த்த பிறகும் எழுந்திருக்க மாட்டாள், சுவரிலிருந்து காலைக்கூட இறக்க மாட்டாள். "வந்துட்டீங்களாப்பா" என்று மட்டும் கேட்பாள். அன்றைக்கு எனக்குக் கூப்பிடு. எந்த நேரமானாலும் கூப்பிடு. விஷயத்தைச் சொல்லிவிட்டு நீ பேசாமல் இரு, நானும் பேசாமல் இருக்கிறேன். இந்தத் தடவை நான் முதலில் வைக்க மாட்டேன்.

அப்பா